டாக்டர் சோபா

டுலூத் ஊரில் பியானோ தூக்குவது என்றால் சும்மா இல்லை. ஊரே ஒரு மலைச்சரிவில் ஏறி நிற்கிறது. கீழே ஏரி, மேலே வீடுகள், நடுவில் படிகள், படிகள், இன்னும் படிகள். பிப்ரவரி மாதத்தில் வெறும் கையை வீசிக்கொண்டு ஏறுகிறவனே பனியில் சறுக்கிச் சில்லறை பொறுக்குவான். அந்தப் படிகளில் பத்தொன்பது வருஷம் ஊராருடைய சோபா, பீரோ, பிரிட்ஜ், பியானோ எல்லாவற்றையும் ஏற்றி இறக்கியவன் கோர்டி நீமி. ஆறடி மூன்றங்குலம். கைகள் இரண்டும் முறம். வாயும் சின்ன வாய் இல்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பதினாறு வயதில் லாரியில் ஏறியவன். கூட்டாளி டுவேன், பிற்பாடு தன் தங்கை ரெனேயைக் கோர்டிக்குக் கட்டிக்கொடுத்து மச்சானும் ஆனான். சாயங்காலம் கோர்டி வீட்டுக்குள் காலை வைத்ததும் ரெனே அடுப்படியில் இருந்தபடியே கேட்பாள்: "இன்னிக்கு என்ன தூக்கினே?"

"ரெண்டு பிரிட்ஜ், ஒரு பியானோ. அப்புறம் ஒருத்தர் வீட்டு பில்லியர்ட்ஸ் மேஜை, கல்லு வச்சது" என்பான் கோர்டி, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு மிதப்பு வரும். ஊரில் மற்ற புருஷன்மார் மீன் பிடித்த பெருமை பேசுவார்கள். இவனுக்கு இது.

அந்தத் தொழிலில் இரண்டு சட்டங்கள் உண்டு. எந்தச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினால் விரல் நசுங்கும். ஒன்று, படியில் கீழே நிற்பவன் மேல்தான் பாரம் இறங்கும். ஆகவே ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணும் உரிமை அவனுக்கு மட்டும்தான். மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு, வீட்டுக்காரர் சாமானில் கை வைக்கக் கூடாது. வைப்பார்கள்! எல்லாரும் வைப்பார்கள். மனுஷ சுபாவம். பியானோ படியேறும்போது பாவம் பையன்கள் கஷ்டப்படுகிறார்களே என்று ஓடி வந்து ஒரு மூலையைப் பிடித்து இழுப்பார்கள். அந்த இழுப்பில் பாரம் ஒரு பக்கம் சாயும், தூக்குகிறவன் கால் தடுமாறும். அப்போது கோர்டி போடுகிற கூச்சல் ஏரியில் போகிற கப்பலுக்கே கேட்கும்: "கையை எடுங்க! நீங்க தொட்டா எங்களுக்குத்தான் பாரம்!"

முப்பத்தைந்தாவது வயதில் ஒரு சாதாரண துணி துவைக்கும் இயந்திரம் அவன் முதுகை முடித்து வைத்தது. பியானோவுக்கு மசியாத முதுகு, போயும் போயும் அதற்கு மசிந்தது. இனிமேல் கனம் தூக்கினால் காலே விளங்காமல் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரெனே அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். கேட்டால் என்ன பதில் வரும்? ஒன்றுமில்லை என்றுதான் வரும். அந்த ஒன்றுமில்லையைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

எட்டு வாரம் அவன் பிசியோதெரபிக்குப் போனான். அங்கேதான் பித்துப் பிடித்தது. கப்பல்துறையில் வேலை பார்த்த ஒரு முரட்டு ஆள், விபத்துக்குப் பிறகு முதல்தடவையாகக் குனிந்து தன் ஷூ நாடாவைத் தானே கட்டினான். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். கோர்டியும் தட்டினான், கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினான். வீட்டுக்கு வந்து ரெனேயிடம், "எனக்கு அந்த வேலைதான் வேணும்" என்றான்.

"அதுக்கு டாக்டர் பட்டம் வேணுமாமே?"

"ஆமா."

"நீ பள்ளிக்கூடத்தையே பின்வாசல் வழியாத்தானே முடிச்சே?"

"ஆமா."

ரெனே அடுப்பை அணைத்தாள். பிறகு, "சரி, படி. நான் பள்ளிக்கூடச் சமையல் வேலையை விடாமப் பாத்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். இந்தக் கல்யாணத்தைப் பற்றி இதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

பகலில் இரும்புக்கடையில் நின்றுகொண்டே ஆறு வருஷம் தவணை தவணையாக முதல் பட்டம் வாங்கினான். அதற்குப் பிறகுதான் இந்த மூன்று வருஷப் படிப்பு. மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. விழுந்தவர்களை எழுப்பி நிறுத்தி நடக்க வைக்கிற டாக்டர். வகுப்பில் எல்லாருக்கும் இருபத்து நான்கு வயது. இவன் ஒருத்தன் நாற்பத்து மூன்று. தசைகளின் பெயர்களை மற்றவர்கள் உருப்போட்டுச் சாகும்போது இவனுக்கு அது கரும்பு. "இதெல்லாம் எனக்கு வலிச்ச இடம்தான். பேர்தான் தெரியாம இருந்துச்சு" என்பான். வகுப்பில் அவனோடு ஜோடி சேர்ந்து பயிற்சி செய்த பெண் டென்லி, வாயாடி, அவனைப் 'பெரிசு' என்றுதான் கூப்பிடுவாள்.

இப்படியாக எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இரண்டாம் வருஷம் ஜனவரியில் அந்தச் செய்முறைத் தேர்வு வரும்வரை.

தேர்வு இதுதான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலம் குறைந்தவரைச் சக்கர நாற்காலியிலிருந்து எழுப்பிக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும். நோயாளியாக நடித்தவள் டென்லி. தேர்வு வைத்தவர் டாக்டர் காரின் வோஸ், பேராசிரியர், கோர்டியைவிடப் பத்து வயது இளையவர், அவன் மார்பு உயரம்தான் இருப்பார். கோர்டி பிரேக் போட்டான். விழாமல் பிடித்துக்கொள்ள அவள் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டினான். எல்லாம் சரி. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினான். எண்ணி முடித்ததும் பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் அவன் கைக்குள் புகுந்துகொண்டது. டென்லியை அலாக்காகத் தூக்கினான். அவள் ஒரு கால் ஷூ கழன்று விழுந்தது. தூக்கியவன் சும்மாவா வைத்தான்? கட்டில் ஓரம் இடிக்காமல் இருக்க அவளைப் பக்கவாட்டில் ஒரு திருப்புத் திருப்பி, "மூலை, மூலை, பாத்து!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கால்களை ஒரே நேரத்தில் மெத்தைமேல் இறக்கினான்.

டென்லி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. டாக்டர் வோஸ் சிரிக்கவில்லை.

"கோர்டி, நோயாளி என்ன செஞ்சாங்க?"

"யாரு?"

"நோயாளி. நீங்க தூக்கும்போது அவங்க என்ன செஞ்சாங்க?"

கோர்டி தலையைச் சொறிந்தான். "சும்மா இருந்தாங்க, டாக்டர்."

"அவங்களை வீட்ல யாரு தூக்குவா? நாளைக்கு? அடுத்த வருஷம்?" என்றார் வோஸ். "அவங்க காலுக்கு இருக்கற வேலையை நீங்க புடுங்கிட்டீங்க. இது பெயில்."

இரண்டு வாரத்தில் மறுதேர்வு. அதிலும் தவறினால் படிப்பைவிட்டு வெளியே போக வேண்டும். அது கல்லூரி விதி, வோஸ் நினைத்தாலும் மாற்ற முடியாது. எட்டு வருஷம் படித்தவன், லாரிக்கும் திரும்ப முடியாத முதுகுக்காரன், கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ரெனேயிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவனை அரித்தது.

சொன்னான். ரெனே பதறவில்லை. அண்ணனைக் கூப்பிட்டாள். டுவேன் விஷயத்தைக் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர் சோபா!" என்று பட்டம் சூட்டினான். அந்தப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்கு முன்னாலேயே ஊரெல்லாம் பரவிவிட்டது. மீன் கடைக்காரன்கூட, "என்ன டாக்டர் சோபா, புகைமீன் எவ்வளவு கட்டட்டும்?" என்றான்.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமே. டுவேன் தானே நோயாளியாக உட்கார்ந்தான். இருநூற்றறுபது பவுண்டு மனுஷன். வேண்டுமென்றே உடம்பைத் தளர்த்திப் போட்டான். கோர்டி அவனையும் தூக்கிவிட்டான். முதுகில் சுருக்கென்றது.

"அடப்பாவி!" என்று ரெனே கரண்டியோடு ஓடி வந்தாள். "உன் முதுகு போனா உன்னை யாரு தூக்கறது? அண்ணா, நீ எந்திரி முதல்ல. உனக்கு வாதமா? கொழுப்பு!"

"மச்சானோட கை வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றான் டுவேன்.

"அது வேலை செய்யறதுதான்டா பிரச்சினை!" என்று கத்தினான் கோர்டி.

அப்புறம் டென்லி ஒரு வழி கொண்டுவந்தாள். ஒரு டஜன் முட்டை. பெல்ட்டுக்கும் அவன் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு முட்டையை வைப்பாள். "பெரிசு, நான் எந்திரிக்கறப்ப நீங்க இழுத்தா முட்டை காலி. சும்மா கையை மட்டும் வச்சிருங்க" என்றாள். முதல் நாள் பதினொன்று உடைந்தன. பன்னிரண்டாவதை வீட்டு நாய் தின்றுவிட்டது. இரண்டாம் நாள் ஏழு. ரெனே ஒரு வாரம் முட்டையில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து போட்டாள். கடைசி நாள் ஒன்றுகூட உடையவில்லை. டென்லி அவன் முதுகில் ஓங்கித் தட்டினாள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், கோர்டியை மட்டும் ஒரு சந்தேகம் விடவில்லை. டென்லி நடிக்கிறாள். அவள் விழ மாட்டாள் என்று கைக்குத் தெரியும். நிஜமாகவே ஒருவர் கால் நடுங்கினால் இந்தக் கை சும்மா இருக்குமா?

மறுதேர்வு நாளன்று காலை பத்து மணிக்கு டாக்டர் வோஸ் கதவைத் திறந்து சொன்னார்: "இன்னிக்கு நடிப்பு இல்ல, கோர்டி. நிஜ நோயாளி ஒருத்தர், மாணவர்களுக்கு உதவணும்னு தானாவே வந்திருக்காங்க. ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம். வலது பக்கம்."

கோர்டி உள்ளே போனான்.

சக்கர நாற்காலியில், ஜன்னல் பக்கமாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். வெள்ளை முடி, சிவப்புக் கம்பளிச் சட்டை, இடது கையால் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் இனெஸ் பெல்லண்ட் என்று தாளில் இருந்தது. கோர்டி கை கழுவினான், பெயர் சொன்னான், பெல்ட்டைக் கட்டினான். "பிரேக் போட்டாச்சு" என்று உரக்கச் சொன்னான். "கொஞ்சம் முன்னால நகர்ந்து உக்காருங்கம்மா. பாதம் ரெண்டும் பின்னால. குனியும்போது மூக்கு கால் விரலுக்கு நேரா வரணும்." வலது பக்கம் நின்று, அவருடைய பலமில்லாத முழங்காலுக்குத் தன் முழங்காலை அணையாகக் கொடுத்தான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

அந்த அம்மாள் இன்னும் தயாராகவில்லை. பாதி எழுந்தார். வலது கால் நடுங்கியது. கோர்டியின் கை, அந்தப் பாழாய்ப்போன கை, பெல்ட்டை இறுக்கிச் சுண்டி இழுத்தது. தூக்கியிருப்பான். ஒரு மாவு மூட்டை கனம்கூட இல்லை. நல்லவேளையாக முட்டை ஞாபகம் வந்தது. இழுப்பை நிறுத்தி அவரை மெதுவாக நாற்காலியிலேயே உட்கார வைத்தான். மூலையில் வோஸின் பேனா தாளில் ஓடியது. கோர்டியின் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"ஏம்ப்பா இழுக்கறே?" என்றார் இனெஸ் அம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "நீ இழுத்தா நான் எந்தப் பக்கம் சாயறதுன்னே தெரியல." சொல்லிவிட்டுக் கண்ணைச் சுருக்கி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இரு, இரு. இந்தக் கையை எங்கயோ பாத்திருக்கேன். நாலாவது தெரு மேட்டுல முப்பத்தாறு படி. என் பியானோவை ஏத்தினது நீதானே? பத்து வருஷம் இருக்கும்."

கோர்டிக்குப் பொறி தட்டியது. பச்சைக் கதவு வீடு. பியானோ டீச்சர். நடுப்படியில் ஓடி வந்து பியானோவின் காலைப் பிடித்த அம்மாள்!

"என்னமா கத்தினே என்னை!" என்றார் அவர். கோபம் இல்லை, சிரிப்புதான். "'கையை எடுங்கம்மா, நீங்க தொட்டா எங்களுக்குத்தான் பாரம்'னு. பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் வெளிய வந்து பாத்தாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நான் உதவத்தானே வந்தேன்!"

கோர்டி தன் கையைப் பார்த்தான். பத்தொன்பது வருஷம் எத்தனை வீட்டுக்காரர்களை அவன் விரட்டியிருப்பான்! எத்தனை பேரை மடையர்கள் என்று லாரியில் உட்கார்ந்து திட்டியிருப்பான்! இப்போது படியில் பாரத்தோடு நிற்பது இந்த அம்மாள். நடுவில் ஓடி வந்து மூலையைப் பிடித்து இழுக்கிற வீட்டுக்காரன் யார்? அவன்தான். இது புத்தகத்தில் நூறு தடவை வேறு வார்த்தைகளில் எழுதியிருந்தது. அப்போதெல்லாம் ஏறாதது இப்போது ஏறியது.

"மிஸஸ் பெல்லண்ட்," என்றான் மெதுவாக, "அன்னிக்கு இன்னொண்ணும் சொல்லியிருப்பேனே. யாரு எண்ணணும்னு."

"சொன்னே, சொன்னே. பாரம் யாரு மேலயோ அவன்தான் எண்ணுவான்னு."

"பாரம் உங்க மேலதான் இருக்கு. நீங்க எண்ணுங்கம்மா."

வோஸ் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எனக்கு மூணு வரைக்கும் எண்ணிப் பழக்கமில்ல" என்றார் இனெஸ் அம்மாள். "நாப்பது வருஷமா பிள்ளைகளுக்கு நாலுதான் எண்ணினேன். முதல் நாலு சும்மா, காது கேட்டுக்கறதுக்கு. ரெண்டாவது நாலுலதான் வாசிக்கணும்."

"உங்க பியானோ, உங்க எண்ணிக்கை."

அவர் இடது கையால் நாற்காலிக் கைப்பிடியில் தட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அசையவில்லை. கோர்டியும் அசையவில்லை. எட்டு வருஷப் படிப்பு அந்த நாலு தட்டில் அந்தரத்தில் நின்றது. மறுபடி ஒன்று. மூக்கு முன்னால் வந்தது. இரண்டு. நாற்காலியைவிட்டு உடம்பு எழும்பியது. மூன்று. அங்கேயே நின்றார், பாதியில். வலது முழங்கால் நடுங்கி அவன் முழங்காலில் வந்து மோதியது. பெல்ட்டில் கை இருந்தது, இழுக்கவில்லை. அவர் விழுந்தால் பிடிக்கும், விழாதவரை ஒன்றும் செய்யாது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அந்த அம்மாள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கேட்டால், கோர்டி இன்றைக்கும் ஒரு மணி நேரம் என்பான். டாக்டர் வோஸின் தாளில் ஆறு விநாடி என்று இருக்கிறது.

"நாலு!" என்றார் இனெஸ் அம்மாள். நிமிர்ந்து நின்றார்.

நின்று ஜன்னலைப் பார்த்தார். "ஏரி தெரியுதே!" என்றார். "உக்காந்திருந்தா வானம் மட்டும்தான் தெரியுது. பனிக்கட்டி நடுவுல ஒரு கோடு விட்டிருக்கு பாரு, நீலமா."

கோர்டி பார்க்கவில்லை. அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஆசை தீரப் பார்த்த பிறகு, குட்டிக் குட்டி அடியாகத் திரும்பி, கட்டிலைக் கையால் தடவிப் பார்த்து, தானே உட்கார்ந்தார்.

"எவ்வளவு உதவி செஞ்சீங்கன்னு எழுதணும்" என்றார் வோஸ். "சொல்லுங்க."

"முதல் தடவை இழுத்துட்டேன், டாக்டர். கால்வாசி பாரத்தை நான் வாங்கிட்டேன். அது தப்பு." கோர்டி பெல்ட்டை அவிழ்த்தான். "ரெண்டாவது தடவை ஒண்ணும் செய்யல. கை பக்கத்துல இருந்துச்சு."

வோஸ் தாளைத் திருப்பிக் காட்டினார். அவர் எழுதியிருந்ததும் அதேதான். "முதல் தடவை பத்திரமா உக்கார வச்சீங்க. ரெண்டாவது தடவைக்கு மார்க் போட்டிருக்கேன். பாஸ்" என்றார்.

"அவன் பாஸ் சரி," என்றார் இனெஸ் அம்மாள், "நின்னது நானு! எனக்கு என்ன மார்க்?"

டாக்டர் வோஸ் அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்ததைக் கோர்டி பார்த்தான். கதவுக்கு வெளியே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த டென்லி உள்ளே பாய்ந்து, "பெரிசு!" என்று கத்தி, அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியுமா? முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சேரும்போது மதியம் மூன்றரை. ரெனே பள்ளிக்கூடச் சமையலை முடித்துவிட்டு வந்து, காலையிலிருந்து நகம் கடித்த கையோடு, அடுப்பில் காட்டரிசி சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மேஜைக்கு முன்னால் டுவேன், வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தான். வாசல் கதவு திறந்த சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாஸா, பெயிலா என்று கேட்க ரெனேவுக்கு நா எழவில்லை. எழாத நாக்கிலிருந்து, எட்டு வருஷமாக வாய்க்கு வராத அந்தப் பழைய கேள்வி தானாக வந்து விழுந்தது.

"இன்னிக்கு என்ன தூக்கினே?"

கேட்ட மாத்திரத்தில் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கோர்டி ஒரு கால் பூட்ஸைக் கழற்றி வைத்தான். இன்னொன்றையும் கழற்றி, அதன் பக்கத்திலேயே ஒழுங்காக வைத்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் அந்தப் பழைய மிதப்பு இருந்தது, பில்லியர்ட்ஸ் மேஜை நாளில் இருந்ததைவிடப் பெரிதாக.

"ஒண்ணுமே தூக்கல, ரெனே" என்றான். "ஒரு பவுண்டுகூட இல்ல. அந்தம்மாவேதான் எந்திரிச்சாங்க."

ரெனே கரண்டியைச் சூப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.